ஏழு நிலாப் பண்டிகை

இல்லம்மா, என்னை விட்டுட்டெல்லாம் போகல. நாந்தான் போகச் சொன்னேன். பச்சைக் கலர் பஸ்ஸுதானே பாத்தே? கண்ணாடியில மஞ்சக் கொடி தொங்குச்சே? அதேதான். எங்க பஸ்ஸு. டிரைவரு மூணு தடவை ஹாரன் அடிச்சான். ஜுவோன்னு எங்களுக்கு ஒரு தலைவரு இருக்காரு, எழுபத்தொரு வயசு, அவரே இறங்கி வந்து கையைப் புடிச்சு இழுத்தாரு. எனக்கு இந்த லியான்பூவுல ஒரு அக்கா இருக்கு, இன்னைக்கு அங்க தங்கிட்டு நாளைக்கு வரேன்னுட்டேன். அக்காவும் இல்ல, கொக்கும் இல்ல. வாய்க்கு வந்துச்சு, சொல்லிட்டேன்.

நல்லா உக்காரும்மா. கூடையை இப்படி என் கால்கிட்ட வை. தாமரைக் காயா? இவ்வளவு மிஞ்சிருச்சே! இன்னைக்கு ஊருக்குள்ள வந்த கூட்டத்துக்கு உன் கூடை காலை பத்து மணிக்கே காலியாகியிருக்கணுமே. பாலத்து மேல கால் வைக்க இடமில்ல, ஒருத்தன் முழங்கை என் விலாவுல, ஒருத்தன் செல்போன் என் மூக்குல. ஆங்... அதுவும் சரிதான். படம் புடிக்கிறவன் காய் வாங்க மாட்டான்.

ஹூசோ பஸ்ஸு இங்கதானே நிக்கும்? ஆறுக்கா? அப்ப இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. உனக்கு? நடுவுல, செங்கல் சூளைகிட்டயா. சரி சரி. வீட்டுல பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்குமே. ரெண்டா? வாத்து வாங்கி வச்சாச்சா? நல்லது. பண்டிகையன்னிக்கு அம்மா வர்றதுக்குள்ள பாதி வாத்து காலியாகியிருக்கும் பாரு.

நாங்களா? கம்பெனியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சொந்தக்காரங்களும் இல்ல. எப்படிச் சொல்றது... எல்லாரும் ஒத்தப் பிள்ளை பெத்தவங்க. அந்த ஒண்ணும் போய்ச் சேந்துருச்சு. ம்... பதினெட்டுப் பேருக்கும்தான். ஊருக்கு ஊர் இப்படி ஒரு கூட்டம் இருக்கு, நீயும் கேள்விப்பட்டிருப்பே. நம்ம காலத்துல சர்க்காரு ஒண்ணுக்கு மேல பெத்துக்க விட்டுச்சா என்ன? நீ கிராமம், முதல்ல பொட்டப்பிள்ளை பொறந்திருக்கும், அதான் ரெண்டாவதுக்கு விட்டிருப்பாங்க. பாத்தியா, சரியாச் சொன்னேனா.

எனக்கா? பையன். ஹைபோன்னு பேரு. அப்ப அவனுக்கு இருபத்தஞ்சு. விடும்மா, நீ எதுக்கு முகத்தைத் தொங்கப்போடுற. பண்டிகையும் அதுவுமா.

அதுதான் விஷயமே. இந்த நாள்ல வீட்டுல இருக்க முடியாதும்மா. மத்தியானமே ஆரம்பிச்சிரும். மாடிப்படியில தடதடன்னு காலடி. மேல் வீட்டுக்கு மகன் வரான், கீழ் வீட்டுக்கு மருமகன் வரான், பேரன் பேத்தி கத்துது, எல்லா வீட்டுலயும் வட்ட மேசையை இழுத்துப் போடுற சத்தம். எதிர் வீட்டுக்காரி ரொம்ப நல்லவ. ஒரு தட்டுல நாலு நிலா கேக் வச்சுக் கொண்டு வந்து குடுப்பா. குடுத்துட்டு ஒரு பார்வை பாப்பா பாரு, அந்தப் பார்வைக்குப் பயந்தே பஸ் ஏறிடலாம். அதுக்குத்தான் ஜுவோ இதை ஆரம்பிச்சாரு. வருஷா வருஷம் நிலாப் பண்டிகையன்னிக்குக் காலையில கிளம்பி எங்கயாவது ஒரு ஊரு. பொழுது சாயத் திரும்பி வந்து, திரையைப் போட்டுட்டுத் தூங்கிடலாம். நிலாவைப் பாக்க வேண்டியதில்ல.

இந்த ஊருக்கு இது மூணாவது தடவை. எனக்கு இந்தக் கூட்டத்தோட ஏழாவது பண்டிகை.

அழுதுகிட்டா வருவோம்னு நினைக்கிறே? அதான் இல்ல. ஏறினதுலேருந்து ஒரே கும்மாளம். சட்டமே போட்டு வச்சிருக்காரு ஜுவோ. பிள்ளை பேரைச் சொல்லக் கூடாது. போட்டோவை வெளிய எடுக்கக் கூடாது. அழுதா, அன்னைக்கு முழுக்க எல்லாரோட வெந்நீர் பிளாஸ்க்கையும் அவங்கதான் தூக்கிட்டுப் போயி ரொப்பிட்டு வரணும். போன வருஷம் ஜுவோவே அழுதுட்டாரு. பதினேழு பிளாஸ்க்கு! மனுஷன் நாலு நடை நடந்தாரு. நாங்க கைதட்டினோம்.

ஆனா பாரு, ஊருக்குள்ள வந்தா சும்மா விடறாங்களா. டிக்கெட் குடுக்கிற பொண்ணு கேக்குது, தாத்தா, பேரன் வரலையான்னு. கடைக்காரன் கூப்புடுறான், வாங்கய்யா, பேரப்பிள்ளைக்குப் பட்டுத் துணியில புலி மூஞ்சிச் செருப்புன்னு. எங்கள்ல ஒரு புருஷன் பொண்டாட்டி இருக்காங்க. அந்த ஆளு போயி வாங்குவாரு. வருஷா வருஷம் வாங்குறாரு. முதல் வருஷம் உள்ளங்கை அளவு வாங்குனாரு. இப்ப ஒவ்வொரு வருஷமும் ஒரு சைஸு கூட்டி வாங்குறாரு. மக கல்யாணமாகி மாசமா இருக்கையில போயிட்டா. நாங்க யாரும் கேக்கறதில்ல. அவரு விலை பேசுற அழகைப் பாக்கணும், அந்தக் கடைக்காரன் அழுதுடுவான்.

சிரிக்கிற பாரு. சிரி சிரி. நாங்களும் சிரிக்கத்தான் செய்வோம்.

நான் ஏன் பஸ்ஸை விட்டேனா? சொல்றேன். சொல்றதுக்கு என்ன இருக்கு... எங்கள்ல ரோங்மெய்னு ஒரு அம்மா. பட்டு ஆலையில நூல் எடுக்கிற வேலை பாத்தவங்க, வெந்நீர்ல கையை விட்டு விட்டு விரலெல்லாம் ஊறி வெளுத்த மாதிரியே நின்னுபோச்சு. என்னை விட மூணு வயசு சின்னவங்க. ஆனா நான் அக்கான்னுதான் கூப்புடுவேன். அவங்க பொண்ணு பேரு யாச்சின். பத்தொன்பது வயசு. நர்ஸு வேலைக்குப் படிச்சிட்டிருந்த பிள்ளை. குளிர்கால லீவுக்கு வீட்டுக்கு வந்தவ, சின்னம்மா வீட்டுக்குப் போயிட்டுப் பேட்டரி வண்டியில திரும்பி வந்திருக்கா. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். ஆலங்கட்டியும் மழையுமா அடிக்குது. மீன் குளத்துக்கும் மல்பெரித் தோட்டத்துக்கும் நடுவுல ஒரு ஒத்தையடித் தார் ரோடு. பின்னாலேருந்து ஒரு வேன் அடிச்சுத் தூக்கிப் போட்டுட்டு நிக்காமப் போயிருச்சு.

ஏழரை மணிக்கு வாத்து மேய்க்கிற ஒருத்தரு டார்ச் லைட் அடிச்சுப் பாத்திருக்காரு. அப்பவும் உசுரு இருந்துச்சாம். ஆசுபத்திரிக்குப் போற வழியில போயிருச்சு. முதல் ஒரு மணி நேரத்துல கொண்டு வந்திருந்தா பொழைச்சிருக்கும்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அந்தக் காகிதத்தை அவங்க புருஷன் சட்டைப் பையிலயே வச்சிட்டிருந்தாரு. அடுத்த வருஷம் அவரும் ஈரல் கெட்டுப் போயிட்டாரு. அந்தம்மா ஒண்டிக்கட்டை.

புடிச்சாங்க. நாலே நாள்ல. வேன் பெயிண்டை வச்சுக் கண்டுபுடிச்சுட்டாங்க. மீனுக்குத் தீனி கொண்டுபோயிப் போடுற வேன். ஓட்டினவனுக்கு எட்டு வருஷம். ஆமாமா, நீ சொல்றது சரி, அடிச்சதுக்கு இல்ல, ஓடினதுக்குத்தான் அவ்வளவு. நின்னு தூக்கியிருந்தா ரெண்டோ மூணோ. அந்தப் பொண்ணும் இருந்திருக்கும்.

அந்தம்மாவோட பையை நான் தூக்குவேன். அதான் எனக்கும் அவங்களுக்கும் பழக்கம். முட்டி வலி அவங்களுக்கு, மடக்கு நாற்காலி ஒண்ணு எப்பவும் பையில இருக்கும், அதோட பிளாஸ்க்கு, குடை, ரெண்டு சட்டை. நல்ல கனம். முதல் வருஷம் பஸ்ஸுலேருந்து இறங்கறப்ப வாங்கினேன், அதுலேருந்து நான்தான். இங்க மட்டும் இல்ல. வீட்டுல குழாய் ஒழுகுதுன்னா நான் போவேன். கேஸ் குழாய் மாத்தணும், ஜன்னலுக்குக் காத்துப் புகாம அட்டை ஒட்டணும், முட்டைக்கோசு நாப்பது கிலோ வாங்கி உப்புல ஊறப் போடணும், எல்லாத்துக்கும் டிங் அண்ணே, டிங் அண்ணேம்பாங்க. நான் போயிடுவேன். ஒரு வாய் டீ குடுப்பாங்க, குடிப்பேன். பேச்சே இருக்காது. சுவத்துல அந்தப் பொண்ணு போட்டோ. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உக்காருவேன்.

கூட்டத்துல சும்மா இருப்பாங்களா? கேலிதான். எனக்கும் பொண்டாட்டி செத்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. இன்னைக்குப் படகுல ஏறினோம், ஒரு படகுக்கு ஆறு பேரு. ஜுவோவோட சம்சாரம் வாயை வச்சிட்டுச் சும்மா இல்ல. டிங் அண்ணே, எத்தனை வருஷம் பையை மட்டும் தூக்குவீங்க, ஆளையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்கன்னாங்க. படகு தள்ளுற அம்மா அதைக் கேட்டுட்டு, கல்யாணப் பாட்டு ஒண்ணு எடுத்து விடட்டுமா, பாட்டுக்குத் தனியா குடுக்கணும்னாங்க. எல்லாரும் ஓன்னு சிரிக்கிறாங்க. படகு ஆடுது. ரோங்மெய் அக்கா மட்டும் தண்ணியையே பாத்துட்டிருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, பாட்டு வேண்டாம்மா, நான் இன்னைக்கு இவருகிட்டத் தனியாப் பேசணும்னு. ஜுவோ சம்சாரத்துக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, சந்தோஷத்துல.

அதேதாம்மா. நீ நினைக்கிறதையேதான் அவங்களும் நினைச்சாங்க. நான் ஒரு நிமிஷம் அப்படி நினைச்சேன்னு சொன்னா நீ என்னைப் பைத்தியக்காரன்னுவே. நினைச்சேன். அறுபத்தி மூணு வயசுல, அந்தப் படகுல, ஒரு நிமிஷம்.

இறங்கினோம். மத்தவங்கள்லாம் நூடுல்ஸ் சாப்பிடப் போனாங்க. வேணும்னே எங்களை விட்டுட்டுப் போனாங்க. நாங்க ரெண்டு பேரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில, மாடியில, ஜன்னலோரமா உக்காந்தோம். புகைபோட்ட பச்சை மொச்சை போட்டு உப்பு டீ குடுப்பாங்களே, அது ரெண்டு சொன்னாங்க. நான் பையைக் கீழ வச்சேன். அவங்க மொச்சையை ஒண்ணொண்ணா எடுத்து மெல்லுறாங்க. பல்லு சரியில்ல, நேரமாகுது.

அப்புறம் நிமிந்து பாத்து, வென் அண்ணேன்னாங்க.

டிங் இல்லம்மா. வென். அதான் சொல்றேன். ஏழு வருஷமா இவங்க எல்லாருக்கும் நான் டிங்கு. டிங்ங்கிறது என் சம்சாரத்தோட அப்பா வீட்டுப் பேரு. என் பேரு வென்னுதான்.

வென் அண்ணே, வியாழக்கிழமை வெளிய வரான்ல, போர்வை கொண்டு போறீங்களா, இல்ல அங்கேயே குடுப்பாங்களான்னு கேட்டாங்க.

இல்லம்மா. என் பையன் சாகல. சாகலேன்னுதான் சொல்றேன். ஜெயில்ல இருக்கான், நாலு மாசம் குறைச்சு இந்த வியாழக்கிழமை விடறாங்க. அந்த வேனை ஓட்டினது ஹைபோதான்.

நீ தள்ளி உக்காரணும்னா உக்காந்துக்கோம்மா. எனக்கு வருத்தமில்ல.

கேக்கறியா? சரி. நான் வேணும்னு திட்டம் போட்டுப் போகல. தீர்ப்பு வந்தப்ப கோர்ட்டுக்கு அவங்க புருஷன்தான் வந்தாரு. அந்தம்மா வரல, படுத்த படுக்கை. அதனால என் முகம் அவங்களுக்குத் தெரியாது. அவரும் செத்துட்டாருன்னு கேள்விப்பட்டதும் எனக்கு இருப்பு கொள்ளல. எப்படி இருக்காங்கன்னு பாக்கணும். பாத்து என்ன பண்ணப் போறேன்? தெரியாது. ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவுல இவங்க கூட்டம் கூடும், அங்க போயி ஒரு மரத்துக்குப் பின்னால நின்னேன். ரெண்டு வாரம் நின்னேன். மூணாவது வாரம் ஜுவோ பாத்துட்டாரு. நேரா வந்தாரு. நீங்களுமான்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. நான் தலையை ஆட்டினேன். அந்த மனுஷன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் எப்படிம்மா இல்லேங்கறது? பேரென்னன்னாரு. டிங்குன்னேன்.

பெத்த பிள்ளை உசுரோட இருக்கறப்ப செத்துட்டான்னு தலையாட்டினவன் நான். அவனைப் போயி மாசத்துக்கு ஒரு தடவை பாத்துட்டும் வந்தேன்.

அதான், அதைத்தான் நானும் கேட்டேன், எப்படித் தெரியும் உங்களுக்குன்னு. மூணாவது வருஷமே தெரியுமாம். அந்தம்மா ஒரு குளிர்கால நாள்ல ஜெயிலுக்குப் போயிருக்காங்க. உள்ள விட மாட்டாங்கன்னு தெரியும். பொண்ணைக் கொன்னவன் இருக்கிற கட்டடத்தையாவது பாக்கணும்னு தோணியிருக்கு. வாசல்ல பாத்தா, கைதியைப் பாக்க மனு போட்டு நிக்கிற வரிசையில நான். கையில பஞ்சு வச்ச சட்டை. பின்னால நின்னவன்கிட்டக் கேட்டிருக்காங்க, அந்தப் பெரியவரு யாருன்னு. அது வென் ஹைபோவோட அப்பா, மீன் தீனி வேன் கேஸு, மாசம் தவறாம வருவாருன்னு அவன் சொல்லிட்டான்.

நாலு வருஷம்! நாலு வருஷமா தெரிஞ்சுகிட்டே என்கிட்டப் பையைக் குடுத்திருக்காங்க. குழாய் மாத்தச் சொல்லியிருக்காங்க. டீ போட்டுக் குடுத்திருக்காங்க.

ஏன்கா சும்மா இருந்தீங்கன்னேன். மொச்சையை மென்னுட்டுத்தான் சொல்றாங்க. தெரிஞ்ச முதல் வருஷம் உங்களைத் தண்ணியில தள்ளிரலாம்னு இருந்துச்சு, இதே ஊருதான், இதே பாலம், நீங்க எட்டிப் பாத்துட்டு நின்னீங்க, நான் பின்னால ரெண்டு கையையும் தூக்கிட்டேன், அப்புறம் இந்தப் பையை யாரு தூக்குறதுன்னு ஒரு நினைப்பு வந்துச்சு, இறக்கிட்டேன்னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன். அடுத்த வருஷம் பாத்தாங்களாம், என் முதுகு கொஞ்சம் கூனியிருந்துச்சாம். அதுக்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். இந்த ஆளு செத்தா எனக்குத்தான் கஷ்டம்னு தோணிருச்சு அண்ணேன்னாங்க.

அப்புறம் டீயை ஒரு மடக்குக் குடிச்சுட்டுச் சொன்னாங்க. நான் அப்படியே சொல்றேன், ஒரு சொல்லு மாத்தல. அவன் பண்ணினது அவன் பண்ணினது. அவனை நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன், என் கட்டை வேகுற வரைக்கும். ஆனா வண்டியை நீங்க ஓட்டல. ஓடினது நீங்க இல்ல. பெத்ததைத் தவிர நீங்க ஒரு தப்பும் பண்ணல. போதும் அண்ணே, தூக்கினது போதும். அடுத்த வருஷத்துலேருந்து வராதீங்க. பண்டிகையன்னிக்கு அவனுக்குச் சமைச்சுப் போடுங்க. உங்களுக்காவது ஒண்ணு இருக்குல்ல, அதோட உக்காந்து சாப்பிடுங்கன்னாங்க.

ஆமாம்மா, பெரிய மனசுதான். யாருக்கு வரும்? எனக்கு வருமா? வராது.

நானா? தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். கீழ படகு போகுது, சிவப்பு விளக்கெல்லாம் பகல்லயே ஏத்திட்டான், யாரோ புதுசாக் கட்டிக்கிட்ட ஜோடி கல்யாணத் துணியோட படியில நின்னு படம் எடுக்குது. அவங்க கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாங்க. ஏழு வருஷத்துல முதல் தடவை தொட்டாங்க.

தொட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அண்ணே, உங்ககிட்ட அவன் எப்பவாவது சொன்னானா, ஒரு தடவையாவது திரும்பிப் போயிப் பாக்கணும்னு அவனுக்குத் தோணுச்சாமா, அந்த ரெண்டரை மணி நேரத்துல, ஒரே ஒரு தடவைன்னாங்க. குரல் ஏறல, இறங்கல. கடையில உப்பு இருக்கான்னு கேக்கற மாதிரி. நாலு வருஷமா இதைக் கேக்கத்தான் என்னைக் கூட வச்சிருந்தாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

நான் சொன்னேன், அவன் எதுவும் சொன்னதில்லக்கான்னேன்.

ம், அப்படித்தான் இருக்கும்னாங்க. எழுந்துக்கிட்டாங்க. பையை அவங்களே எடுத்துக்கிட்டாங்க. விடுங்க அண்ணே, இனிமே பழகணும்ல, நானே தூக்கறேன்னு படியில இறங்கிப் போனாங்க. ஒவ்வொரு படிக்கும் கைப்புடியைப் புடிச்சு, ரெண்டு காலையும் வச்சு வச்சு... நான் பின்னாலயே போனேன், வாங்கல. பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காந்துட்டு எனக்குப் பக்கத்துச் சீட்டுல கையை வச்சு இடம் புடிச்சிருந்தாங்க. கீழேருந்து பாத்தேன். ஒரு மணி நேரம், ஹூசோ வரைக்கும், தோளோட தோள் ஒட்டிட்டு அந்தச் சீட்டுல நான் எப்படிம்மா உக்காருவேன்? அதான் அக்கா இருக்கு, தங்கச்சி இருக்குன்னு சொல்லிட்டு இங்கயே நின்னுட்டேன்.

இல்லம்மா, அதுக்கு வெக்கப்பட்டா நான் நிக்கப் போறேன்? பேரை மாத்திச் சொன்னது, செத்துட்டான்னு தலையாட்டினது, அதெல்லாம் தெரிஞ்சு நாலு வருஷமாச்சே அவங்களுக்கு. அதுக்கு மன்னிச்சும் ஆச்சு.

ஹைபோவா? எப்படிப்பட்ட பையன்னா... அம்மா இல்லாம வளந்த பையன். என் பேச்சைத் தட்ட மாட்டான். அதுதான் அவன்கிட்ட இருக்கிற கெட்ட குணம். இருபத்தஞ்சு வயசுலயும், அப்பா இந்தச் சட்டையைப் போட்டுக்கவான்னு கேப்பான். அந்த வேனைக் கூட நான்தான் வாங்கிக் குடுத்தேன். கோர்ட்டுல கேட்டாங்க, சம்பவம் நடந்தப்புறம் எங்க போனே, யாரைப் பாத்தே, யாருகிட்டச் சொன்னேன்னு. வீட்டுக்குப் போனேன், வீட்டுல யாரும் இல்லன்னான். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. நீதிபதி என்னைப் பாத்தாரு, நீங்க எங்க இருந்தீங்கன்னு. மீன் குளத்துல வேலையா இருந்தேன்னேன். எழுதிக்கிட்டாங்க.

இத்தனை வருஷத்துல மனு பாக்கப் போனா ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேச மாட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து போனை எடுத்து, மூட்டு வலிக்கு மருந்து போடுறீங்களாப்பா, மேல் வீட்டுக்காரங்க இன்னும் தண்ணியைச் சிந்துறாங்களாப்பான்னு கேப்பான். நேரம் முடிஞ்சிரும். போன மாசம் மட்டும், அப்பா, வெளிய வந்ததும் அந்த அம்மாவைப் போயிப் பாக்கலாமா, நீங்க சொன்னா போறேன், வேண்டாம்னா போகலன்னான். நான் பதில் சொல்லல. வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு அவன் வாசல்ல வந்து நிக்கறப்ப ஏதாவது சொல்லியாகணும்.

அதோ நம்ம பஸ்ஸு வருது பாரு. எழுந்திரு எழுந்திரு, கூடையை நான் தூக்கித் தரேன். பிள்ளைங்க பசியோட இருக்கும்.

என்னம்மா? அவங்க கேட்டதுக்கா? தோணுச்சான்னா... தோணாம என்ன. அன்னைக்கு அஞ்சே கால் இருக்கும், வேனை வாசல்ல நிறுத்திட்டு நனைஞ்சுபோயி உள்ள ஓடி வந்தான். அப்பா, குளத்து ரோட்டுல ஒரு பொண்ணு விழுந்து கிடக்குப்பா, நான்தாம்ப்பா, மூச்சு வருதுப்பா, தனியாத் தூக்கப் பயமா இருக்கு, நீங்க வாங்க, ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போயிரலாம்னு என் கையைப் புடிச்சு இழுத்தான். நான்தான் கதவைச் சாத்தினேன். இந்த மழையில யாரும் பாத்திருக்க மாட்டாங்க, வேற யாராவது வந்து தூக்கிட்டுப் போவாங்க, நீ சட்டையை மாத்திட்டு முதல்ல உக்காந்து சாப்பிடுன்னேன். உக்காந்தான். சோத்தைப் பாத்துட்டே அழுதான், சாப்பிடுடான்னு ஒரு அதட்டுப் போட்டேன். சாப்பிட்டான். ரெண்டாவது கிண்ணமும் நான்தான் போட்டேன்.